எல்பர்ட் ஸ்ட்ரௌடின் கையில் இருந்த கரணை

அமெரிக்காவின் தெற்கில், கார்ட்ரே ஊரில் எல்பர்ட் ஸ்ட்ரௌடின் எழுத்தைப் படிக்காமல் யாரும் ஒரு நாளைக் கடத்திவிட முடியாது. மருந்துக்கடை, பருத்தி அரவை ஆலை, சவப்பெட்டிக் கடை, முடிதிருத்தகம் என்று எல்லாவற்றின் நெற்றியிலும் அவன் கைதான். வெள்ளையர் தேவாலயத்துக்கும் கறுப்பர் தேவாலயத்துக்கும் பலகை எழுதியவன் அவனே. இரண்டிலும் ஒரே வாசகம்: 'எல்லோரும் வருக.' அந்த வாசகத்தை நம்பி ஒரு வாசல்காரர் மறுவாசலுக்குள் ஒருநாளும் நுழைந்ததில்லை. ரயிலடித் தண்ணீர்க் குழாய்களுக்கு மேல் 'வெள்ளையர்', 'கறுப்பர்' என்று எழுதியவனும் அவன்தான். எழுத்து நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்ப்பான். எழுதிய சங்கதி நேர்மையானதா என்று பார்ப்பது போர்டு எழுதுகிறவன் வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு முப்பதுகளின் பொருளாதார வீழ்ச்சியில் வங்கி மூடியது. வங்கியை நம்பிய கடைகள் மூடின. மூடிய கடைக்குப் பலகை எதற்கு? எல்பர்ட் கடைசியாக எழுதியது ஓர் 'ஏலம்'. அதை எழுதக் கொடுத்தவனே கூலி கொடுக்காமல் ஓடிவிட்டான். வீட்டில் மனைவி ஓபலும் இரண்டு பெண் குழந்தைகளும் சோளரொட்டியைச் சர்க்கரைப்பாகு இல்லாமலே தின்னப் பழகிக்கொண்டிருந்தபோதுதான் அரசாங்கத்தின் நிவாரண வேலை ஊருக்கு வந்தது. கார்ட்ரேக்குப் புதிய நீதிமன்றக் கட்டடம். கல் நம் குன்றிலிருந்து, ஆள் நம் ஊரிலிருந்து, பணம் வாஷிங்டனிலிருந்து. அந்த ஆட்களில் யார் இருப்பது, யார் வீட்டுக்குப் போவது என்பது மட்டும் ஜட்ஜ் ப்ரென்டிஸின் கையெழுத்திலிருந்து. கவுண்டியில், அதாவது அந்த மாவட்டத்தில், தீர்ப்பு எழுதுவது, ரோடு போடுவது, ஆளை நிறுத்துவது எல்லாம் அவர்தான்.

நிவாரண வேலையில் இரண்டு ஜாதி ஆட்கள். கைத்தொழில் தெரிந்தவன் ஒன்று, தெரியாதவன் இன்னொன்று. முன்னவனுக்கு நல்ல கூலி. பிரஷ் பிடிக்கத் தெரிந்த எல்பர்ட் தொழில் தெரிந்தவன் என்று பதிவானான். லூஷியஸ் டாப்னி தொழில் தெரியாதவர் என்று பதிவானார். லூஷியஸ் பரம்பரைக் கொத்தனார். கார்ட்ரேயில் நிமிர்ந்து நிற்கிற புகைபோக்கிகளில் பாதி அவர் வைத்தவை. ஆனால் அவர் கறுப்பர். கறுப்பரைத் தொழில் தெரிந்தவர் என்று எழுதினால் வெள்ளைக்காரக் கூலிக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும். ஆகவே அவருக்குத் தொழில் தெரியாது. ஒரு பேனாவால் ஒரு மனிதனின் முப்பது வருஷ வேலையை இல்லாமல் ஆக்கலாம் என்பதை எல்பர்ட் அன்றுதான் பார்த்தான். பார்த்து, வரிசையில் நகர்ந்து, தன் சீட்டை வாங்கிக்கொண்டான்.

கட்டடத்தின் முன்வாசலுக்கு ஒரு பெரிய கல் வளைவு. வெட்டிய மணற்கல்லைப் பிறை போல அடுக்கி, உச்சியில் நடுக்கல்லை இறக்கி, கீழே முட்டுக்கொடுத்த மரத்தை உருவ வேண்டும். உருவியதும் நிற்கலாம், விழலாம். பதிவில் கொத்தனாராக இருந்த வெள்ளைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பின்சுவருக்குப் போய்விட்டார்கள். மேஸ்திரி கெட்டிக்காரன். லூஷியஸைச் சாந்து பூசும் கரணையோடு சாரத்தில் ஏற்றினான். எழுத வேலையில்லாத எல்பர்ட்டை அவருக்குச் சாந்து வாளி சுமக்கச் சொன்னான். முன்னால் கோணித் திரை கட்டினான்.

"வெள்ளைக்காரன் வாளி தூக்கறான், கறுப்பன் கரணை பிடிக்கறான்னு எவனாவது பாத்துட்டான்னா வளைவு மேல கல்லு நிக்காது, என் தல மேலதான் விழும்" என்றான் மேஸ்திரி. "ஜட்ஜ் கார் சத்தம் கேட்டா ரெண்டு பேரும் மாத்திக்குங்க."

அப்படித்தான் அந்தப் பழக்கம் வந்தது. ரோட்டில் கார் உறுமும். லூஷியஸ் கரணையைத் துடைத்து நீட்டுவார். "பிடிங்க மிஸ்டர் எல்பர்ட், கொத்தனார் ஆயிட்டீங்க." எல்பர்ட் கரணையை வாங்கிக்கொள்வான். லூஷியஸ் வாளியைத் தூக்கிக்கொள்வார். ஜட்ஜ் வந்து, திரையை விலக்கி, சுருட்டை ஆட்டி, "சபாஷ் எல்பர்ட்!" என்பார். கார் போகும். கரணை திரும்பும்.

"எப்படி இருந்துச்சு என் நடிப்பு?" என்பான் எல்பர்ட்.

"கரணைய ஜாம் தடவுற கத்தி மாதிரி பிடிச்சிருந்தீங்க. ஜட்ஜு வீட்டுல ரொட்டிக்கு அவரு தடவுனதே இல்ல போல, அதான் கண்டுபிடிக்கல."

இருவரும் சிரிப்பார்கள். எல்பர்ட் மனம்விட்டுச் சிரித்தான். லூஷியஸ் எவ்வளவு சிரித்தார் என்று அவன் கவனிக்கவில்லை.

முட்டுமரத்தை உருவிய நாளில் வளைவு முடி அளவும் அசையவில்லை. லூஷியஸ் அதன் கீழே போய் நின்று, தொப்பியைக் கழற்றி, மேலே பார்த்தார். அதுதான் அந்த வாசலில் அவர் நின்ற கடைசித் தடவை. கட்டி முடித்த வாசல் வெள்ளையருக்கு. கறுப்பருக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு. அந்தக் கதவுக்கு மேல் பலகை எழுதியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே கூடத்துச் சுவரில் சித்திரம் வரைய அரசாங்கம் ஓர் ஓவியரை அனுப்பியது. தோரா லிண்ட்குவிஸ்ட், செயின்ட் லூயிஸ்காரி. அவளும் நிவாரணக் கூலிதான், அவளுக்கும் ஷூ தேய்ந்திருந்தது. எல்பர்ட்டை அவளுக்கு எடுபிடியாகப் போட்டார்கள். வளைவு எழும்பும்போதே ஊருக்கு வந்துவிட்டிருந்த அவள், கோணித் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, வேலை நடந்தபோதே நோட்டில் கிறுக்கி வைத்திருந்தாள். சுவரில் எண்ணெய் வர்ணத்தில் வந்தது அதே காட்சிதான்: நடுவில் சாரத்தின் மேல் லூஷியஸ், கையில் கரணை, கண் கல்லின் மேல். ஒரு படி கீழே எல்பர்ட், வாளியை ஏந்தி, அண்ணாந்து பார்த்தபடி.

"என்னங்க இது, திரைக்குள்ள நடந்தத வெளியில போட்டுட்டீங்க" என்றான் எல்பர்ட்.

"நடந்ததா இல்லையா?"

"நடந்துச்சு."

"அப்புறம் என்ன? உங்க மூஞ்சி நல்லா வந்திருக்கு. நெசமாவே எதையோ கத்துக்கற ஆளு மாதிரி இருக்கீங்க."

அந்த முகம் எல்பர்ட்டுக்கும் பிடித்திருந்தது. ஓபலைக் கூட்டிவந்து காட்டினான். லூஷியஸ் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து பார்த்துவிட்டு, "நூல்ல தொங்குற தூக்குக் குண்டக் கூட விடல இந்தப் பொண்ணு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் மனைவி இடெல்லாவைக் கூட்டிவந்தார். அவள் சலவைக்காரி, வெந்நீரில் சிவந்த கையை இடுப்பில் கட்டிய ஏப்ரனில் துடைத்துத் துடைத்து, சித்திரத்தைத் தொடாமல் நின்றாள்.

தோரா வேலையை முடித்து அடுத்த ஊருக்கு மாற்றலாகிப் போனாள். மேலே வார்னிஷ் பூசுவதும் கீழே கட்டம் அடிப்பதும் எல்பர்ட்டின் பொறுப்பு. திறப்பு விழாவுக்கு முன்னால் ஜட்ஜ் வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எல்பர்ட், படத்துல ஒரு தப்பு இருக்கு."

"என்ன தப்பு ஜட்ஜ்?"

"நான் வந்தப்பல்லாம் கரணை உன் கையிலதானே இருந்துச்சு?"

எல்பர்ட் வார்னிஷ் பிரஷை டப்பாவுக்குள் வைத்தான்.

"அவன அழிக்கச் சொல்லல. நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல. அவனும் இருக்கட்டும், அவனும் வேலை செஞ்சவன்தான். கையில இருக்கறத மட்டும் மாத்து. ஒவ்வொருத்தனுக்கும் ஆண்டவன் ஒரு இடம் வச்சிருக்கான், படத்துல மட்டும் எதுக்குக் குழப்பணும்? குளிர்காலத்துக்கு ஆள் குறைக்கச் சொல்லி மேல இருந்து வந்திருக்கு. உன் பேர அதுல சேக்க எனக்கு மனசு இல்ல."

வாளியும் கரணையும் எவர் கையில் என்று கவலைப்படுகிற ஆண்டவனை நான் எந்தப் புத்தகத்திலும் சந்தித்ததில்லை. ஆனால் அந்த ஆண்டவன் பெயரைச் சொன்னால் ஓர் ஏழை பணிந்துவிடுவான் என்று ஜட்ஜுகளுக்குத் தெரியும். கூடவே குளிர்காலத்தையும் சொன்னால் போதும்.

எல்பர்ட் தனக்குத் தெரிந்த முறையில் அதைச் செய்தான். போர்டு எழுதுகிறவன் பழைய எழுத்தின் மேல் புதிய எழுத்தை எழுத மாட்டான். பழசின் விளிம்பு மேடாகத் தெரியும். அதனால் முதலில் சுரண்டியால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, சுவரை வெறுமையாக்கிவிட்டுத்தான் பிரஷ் எடுப்பான். லூஷியஸின் வலது கையை எல்பர்ட் மணிக்கட்டுவரை சுரண்டினான். கரணை தூளாகத் தரையில் கொட்டியது. பிறகு தன் கைகளையும் சுரண்டினான். லூஷியஸுக்கு ஒரு வாளி வரைந்தான். தனக்கு ஒரு கரணை வரைந்தான். அவனுக்கு எழுத்து வருமே தவிர உருவம் வராது. விரல்கள் மெழுகுவத்திகளைப் போல வந்தன. ஆனாலும் ஏணியிலிருந்து இறங்கித் தள்ளி நின்று பார்த்தபோது, கரணை தன் கைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது.

பின்னாளில் அவனைத் தின்றது ஜட்ஜின் மிரட்டல் அல்ல. அந்த ஒரு கணம்தான்.

திறப்பு விழாவில் வாத்தியம் முழங்கியது, எலுமிச்சைச் சாறு ஓடியது. ஊரார் எல்பர்ட்டின் முதுகில் தட்டினார்கள். "வளைவு கட்டினது நீயாமே! போர்டு எழுதறவன்னு நெனச்சேன், பெரிய கள்ளன்டா நீ!" அவன் பெண்கள் படத்துக்குக் கீழே நின்று, "எங்கப்பா! எங்கப்பா!" என்று மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். ஓபல் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிள்ளைகளுக்கு எலுமிச்சைச் சாறு வாங்கப் போனாள்.

லூஷியஸ் பக்கவாட்டுக் கதவருகே நின்றிருந்தார். எல்பர்ட் அந்தப் பக்கம் போகாமல் இருக்கப் பார்த்தான். போக வேண்டி வந்தது.

"கார் இன்னும் நிக்குதா மிஸ்டர் எல்பர்ட்?" என்றார் லூஷியஸ்.

எல்பர்ட் பழைய வேடிக்கைக்குச் சிரிப்பது போலச் சிரித்தான். லூஷியஸ் சிரிக்கவில்லை.

பனிக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விளையாட்டுக் கூடம் கட்ட நிவாரணப் பணம் வந்தது. அதுவும் கல் கட்டடம். இந்தத் தடவை வாஷிங்டனிலிருந்து ஓர் உத்தரவும் வந்திருந்தது: ஒருவருக்குத் தொழில் தெரியும் என்று கூட வேலை செய்தவர் நேரில் வந்து சொன்னால், பதிவைத் திருத்தலாம். லூஷியஸ் எல்பர்ட்டின் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார்.

"ஒரே ஒரு வார்த்தை மிஸ்டர் எல்பர்ட். வளைவ யாரு கட்டினதுன்னு சொல்லுங்க. அது போதும். எனக்கு வயசாகுது, வாளி தூக்கி முதுகு போச்சு. கரணை பிடிச்சா இன்னும் பத்து வருஷம் ஓட்டுவேன்."

"வரேன் லூஷியஸ். கட்டாயம் வரேன்" என்றான் எல்பர்ட். சொன்னபோது அவன் மனப்பூர்வமாகத்தான் சொன்னான்.

நிவாரண அலுவலகம் அந்த நீதிமன்றக் கூடத்தை ஒட்டிய அறைதான். குமாஸ்தா வழுக்கைத் தலையை நிமிர்த்தி லூஷியஸ் சொன்னதைக் கேட்டார். பிறகு கதவு வழியே சித்திரத்தைக் கை நீட்டிக் காட்டினார்.

"நீ கொத்தனாருன்னா, அங்க ஏன்ப்பா வாளியோட நிக்கிற? அரசாங்கமே காசு குடுத்து வரைஞ்ச படம். அது பொய்யா சொல்லும்?"

"பக்கத்துல நிக்கறவர் இதோ இருக்காருங்க. அவரையே கேளுங்க."

"என்ன எல்பர்ட்? யாரு கட்டினது?"

ஜட்ஜ் ப்ரென்டிஸ் அப்போது உள்ளே நின்று யாரையோ சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் எல்பர்ட்டுக்குச் சாக்காவது கிடைத்திருக்கும்.

"லூஷியஸ் நல்ல வேலைக்காரன் சார்" என்றான் எல்பர்ட். "ரொம்ப நல்ல வேலைக்காரன். ஒரு நாள் கூட மட்டம் போட்டதில்ல."

"அது தெரியும். கரணை யாரு கையில?"

"நாங்க... சேந்துதான் செஞ்சோம்."

குமாஸ்தா பேனாவை மூடினார். லூஷியஸ் தொப்பியைத் தலையில் வைத்தார், கட்டடத்துக்குள்ளேயே வைத்தார். ஒரு கறுப்பருக்கு அதற்கே அடி விழும். வெளியே வந்து எல்பர்ட் காத்திருந்தான், ஏதாவது திட்டட்டும் என்று.

"கார் எப்பவோ போயிடுச்சு மிஸ்டர் எல்பர்ட்" என்றார் லூஷியஸ். "இப்பவாவது திருப்பிக் குடுத்திருக்கலாம்."

அந்த வாரமே லூஷியஸ் சிகாகோ ரயிலில் ஏறிவிட்டார் என்று எல்பர்ட் சில வாரம் கழித்து முடிதிருத்தகத்தில் கேள்விப்பட்டான். தான் எழுதிய பலகைக்குக் கீழே, பாதி சவரத்தில், முகத்தில் நுரையோடு எழுந்து போனான்.

டர்பன்டைனும் கந்தலும் எடுத்துக்கொண்டு அவன் நீதிமன்றத்துக்குப் போனபோது வழக்கு நாள், கூடம் நிறைய ஆள். யாரும் தடுக்கவில்லை. படத்துக்காரன் படத்தைத் துடைக்கிறான் என்று நினைத்தார்கள். ஏணி போட்டு லூஷியஸின் வாளியையும் அதைப் பிடித்திருந்த தன் மெழுகுவத்தி விரல்களையும் துடைத்தான். இரண்டும் கரைந்தன. கீழே தோராவின் கரணை இருக்கும் என்று அவன் கை நம்பிக்கொண்டிருந்தது. வெறும் சுவர் இருந்தது. சுரண்டியவன் அவன். உப்புத்தாளால் தேய்த்தவன் அவன். தொழில் சுத்தமாகச் செய்யப்பட்டிருந்தது.

சாரத்தின் மேல் லூஷியஸ் இப்போது வலது கையே இல்லாமல் நின்றார்.

எல்பர்ட் கந்தலைத் தோளில் போட்டான். அந்தக் கையை அவனால் வரைய முடியாது. உலகத்தில் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இறங்கி வந்தான். கறுப்பு எண்ணெய் வர்ணத்தைக் குழைத்தான். சுண்ணாம்பு நூலை அடித்துக் கோடு போட்டான். படத்துக்குக் கீழே, வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற அளவில், சவப்பெட்டிக் கடைக்கு எழுதியதைவிட நிதானமாக எழுதினான்:

இந்த வளைவைக் கட்டிய கொத்தனார் லூஷியஸ் டாப்னி.
அவருக்கு வாளி சுமந்தவன் எல்பர்ட் ஸ்ட்ரௌட்.

முதலில் ஒருவர் உரக்கப் படித்தார். பிறகு வழக்குக்கு வந்தவர்கள் சுவரருகே கூடினார்கள். எல்பர்ட் தன் கையிலிருந்த கரணையையும் துடைத்துவிட மறுபடி ஏணியில் கால் வைத்தபோது ஜட்ஜ் வந்துவிட்டார்.

"அழிடா அத!"

"எனக்கு எழுதத்தான் வரும் ஜட்ஜ். அழிச்சது போதும்."

"உனக்குப் பைத்தியமா? குழந்தைங்களுக்கு என்னடா போடுவ?"

"அதக் கேட்டுத்தான் அன்னைக்கு மாத்தினேன்" என்றான் எல்பர்ட்.

ஏணியைப் பிடுங்கினார்கள். அவனை வெளியே தள்ளினார்கள், அந்த வளைவு வழியாகவே. நிவாரண வேலையிலிருந்து பெயர் போயிற்று. இனி அந்தக் கட்டடத்துக்குள் அவன் பிரஷோடு வரக்கூடாது என்று உத்தரவு ஆயிற்று.

அவன் நேராக இடெல்லாவின் வீட்டுக்குப் போனான். அவள் முற்றத்தில் கொப்பரைக்கு அடியில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மற்றவர்களின் சட்டைகள் கொதித்துக்கொண்டிருந்தன. அவன் நடந்ததையெல்லாம் சொன்னான். எழுதியதை வார்த்தை பிசகாமல் சொன்னான்.

"நல்லா எழுதினியா?" என்று கேட்டாள்.

அவள் வாழ்நாளில் ஒரு வெள்ளைக்காரனை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அது இருவர் காதிலும் விழுந்தது.

"நல்லா எழுதினேன்."

"அவரு சிகாகோவுல ஓட்டல்ல தட்டு கழுவறாராம், கடுதாசி வந்துச்சு. அங்க யாருக்கும் கொத்தனார் வேணாமாம். அந்த எழுத்த இங்கேருந்து பேத்து எடுத்துட்டுப் போய் அங்க காட்டலாமா?"

எல்பர்ட் வெளியே சரிந்த ஒரு விறகை எடுக்கக் குனிந்தான்.

"அன்னைக்கு அந்தக் குமாஸ்தா முன்னால ஒரு வார்த்தை கேட்டாரு. ஒரே வார்த்தை. நீ ரெண்டு வரி எழுதியிருக்க" என்றாள் இடெல்லா. "அதுக்கு எங்கிட்ட என்ன எதிர்பார்த்து வந்த? தண்ணி கொதிக்குது, தள்ளி நில்லு."

அவன் தள்ளி நின்றான். பிறகு போனான்.

வீட்டில் ஓபல் எல்லாம் கேள்விப்பட்டிருந்தாள். பானையில் பீன்ஸ் இருந்தது. "பொண்ணுங்ககிட்ட நான் என்ன சொல்றது?" என்றாள்.

"வாளி தூக்கினவன்னு சொல்லு."

"அத நீயே சொல்லு" என்றாள் ஓபல். அவன் அன்றே சொன்னான். பெரியவள் கொஞ்ச நேரம் அழுதாள். அப்பா ஹீரோ இல்லை என்பதற்காக அல்ல, மற்றப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பதற்காக.

நீதிமன்றத்தில் அந்த இரண்டு வரிகளை மறைக்க ஆள் தேடினார்கள். கவுண்டியில் பிரஷ் பிடிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான், அவனைக் கூப்பிட முடியாது. யாரோ ஒரு சிறைக் கைதியை விட்டுச் சுண்ணாம்பு அடித்தார்கள். எண்ணெய் வர்ணத்தின் மேல் சுண்ணாம்பு ஒட்டாது. ஆற்றில் வெள்ளம் வந்து காற்று ஈரமானதும் அது செதில் செதிலாக உதிர்ந்தது. எழுத்து மேலே வந்தது. மறுபடி அடித்தார்கள். அடுத்த ஈரத்துக்கு மறுபடி வந்தது. லூஷியஸின் இல்லாத கைக்கு யாரும் எதுவும் செய்யவில்லை, அது உயரத்தில் இருந்தது.

எல்பர்ட் அதற்குப் பிறகு சாகும்வரை இருபத்துச் சொச்சம் வருஷங்கள் வரி கட்டவும் பத்திரம் பதியவும் அந்தக் கட்டடத்துக்குப் போனான். பக்கவாட்டுக் கதவு வழியாகவே போனான். "அது உன் வாசல் இல்ல எல்பர்ட்" என்று காவலாளி கத்துவார். "முன்வாசல்ல எனக்குப் பாக்கி இருக்கு" என்பான். ஊர் அவனைக் கிறுக்கன் என்றது. சிலர் பெரிய மனசுக்காரன் என்றார்கள். இரண்டுமே தப்பு. அவன் எந்தக் கதவு வழியாக நுழைந்தாலும் சிகாகோவில் ஒரு தட்டு கூடக் குறையப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். வருத்தம் ஒருவனுக்கும் கூலி கொடுத்ததில்லை.

ஈரக் காலங்களில் அவன் கூடத்தின் ஓரமாக நின்று பார்ப்பான். அவன் எழுத்துகள் சுண்ணாம்பைத் தள்ளிக்கொண்டு நேராக, நூல் பிடித்தாற்போல வெளியே வந்திருக்கும். கொத்தனார் லூஷியஸ் டாப்னி. அதற்கு மேலே, அந்தக் கொத்தனாருக்குக் கை இருக்காது. கரணை மட்டும், மெழுகுவத்தி விரல்களுக்கிடையில், எல்பர்ட்டிடமே இருக்கும்.